நைட்ரஜனாக

ஜூன் முதல் வாரம். மூன்று நாள் மழைக்குப் பின்
வயலடி வடிகுழாய்கள் எல்லாம் வாய் திறந்து ஓடின.
ஐயோவாவில் சோளம் அப்போது முழங்காலுக்குக் கீழே.
ஆய்வகத்தில் நானும் குளிர்பெட்டியின் முனகலும்,
மேசையில் மூடி இறுக்கிய எழுபது குப்பிகளும்.
தொலைபேசி அடித்தது.

"கோல்ட்டன் ட்யாடன் பேசுகிறேன்,
லூதரன் கல்லறைக்கு வடக்கே, பச்சைக் கொட்டகை.
உங்கள் தாளில் பதினொன்று புள்ளி இரண்டு.
கடையில் வாங்கிய சோதனைப் பெட்டியின் மேல்
நாற்பத்தைந்து வரை பயமில்லை என்றிருக்கிறது.
அப்படியானால் நல்ல தண்ணீர்தானே?"
அவர் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை
இன்னும் அழுகையாகாத எதையோ
சொல்லிக்கொண்டிருந்தது.

பதினொன்று நாற்பத்தைந்தைவிடச் சிறியது.
அதற்கு வேதியியல் வேண்டாம்.
ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில்
எறும்புக்கால் எழுத்தில் ஒரு சொல் இருந்தது:
*நைட்ரஜனாக.*
அந்தப் படிவத்தை வடிவமைத்தது நான்.
இடம் போதவில்லை என்று
அந்தச் சொல்லைச் சிறிதாக்கியதும் நான்தான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.
பெருக்க வேண்டிய எண் எனக்கு மனப்பாடம்.
ஆனாலும் பென்சில் எடுத்தேன்.
ஒரு தகப்பனிடம் சொல்லப்போகும் எண்ணை
முதலிலிருந்து செய்து பார்க்கவேண்டும் போலிருந்தது.

நைட்ரஜன் ஒன்று: 14.007.
ஆக்சிஜன் மூன்று, ஒவ்வொன்றும் 15.999,
ஆக 47.997.
கூட்டினால் 62.004.
கூடவே ஒட்டிக்கொண்டு வந்த எலக்ட்ரான் ஒன்று உண்டு,
இந்தக் கூட்டத்தை அயனி ஆக்கியதே அதுதான்.
அதன் எடை மூன்றாம் தசமத்தையும் எட்டாது.
யாரும் கூட்டுவதில்லை.
நானும் கூட்டவில்லை.

அறுபத்திரண்டைப் பதினான்கால் வகுத்து
வந்ததைப் பதினொன்று புள்ளி இரண்டால் பெருக்க,
நாற்பத்தொன்பதரை.

"கோல்ட்டன், சோளத்தை எடைமேடைக்குக் கொண்டுபோவீர்களே,
நாங்கள் சோளத்தை மட்டும் எழுதுகிறோம்.
உங்கள் பெட்டிக்காரர் லாரியோடு சேர்த்து எழுதியிருக்கிறார்.
எங்கள் கணக்கில் எல்லை பத்து."

அவருக்கு உடனே புரிந்தது.
புரிந்தது என்பது
அவர் ஒன்றும் பேசாததில் தெரிந்தது.

"பிள்ளைக்கு எத்தனை மாதம்?"
"ஏழு வாரம்."
"பால்பொடியை எதில் கலக்குகிறீர்கள்?"

ரிசீவரை எதன் மேலோ வைத்தார்.
"ப்ரீனா" என்று ஒருமுறை. உரக்கக்கூட இல்லை.
ஓடிக்கொண்டிருந்த ஒரு குழாய் நின்றது.
அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததையே
நான் கேட்டிருக்கவில்லை.

திரும்பி வந்து கேட்டார்:
"கொதிக்க வைத்தால்?"
"வேண்டாம். நீர்தான் ஆவியாகிப் போகும்.
அது அங்கேயே இருக்கும், இன்னும் அடர்த்தியாக."
கடைத்தண்ணீர் வாங்குங்கள், இன்றைக்கே,
உதட்டில் நீலம் தெரிந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்,
மருத்துவமனைக்கு வண்டியை எடுங்கள் என்றேன்.
"உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது" என்றார்.
சற்றுப் பொறுத்து,
"விளக்கைப் போட்டுப் பார்த்தேன்" என்றார்.

வைத்த பிறகும் பென்சில் விரலிடுக்கில் இருந்தது.
கணக்கில் சேர்க்காத எலக்ட்ரானையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
இந்த ஊர்க் களிமண்ணுக்கும் எதிர்மின்சுமை.
ஏப்ரலில் அவரே வண்டி வண்டியாய்க் கொட்டிய உரத்தை
மண் அதனால்தான் பிடித்து வைக்கவில்லை.
தன்னைப் போன்றதைத் தள்ளிவிட்டது.
மழை கூப்பிட்ட பக்கம் அது போனது,
வேரைத் தாண்டி, மணலைத் தாண்டி,
நாற்பதடி இறங்கி, கிணற்றுக்கு, குழாய்க்கு,
அளவுக்கோடு போட்ட ஒரு சிறிய புட்டிக்கு.
எடையில் வராத ஒன்று
அத்தனை தூரமும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

படிவத்தைத் திறந்தேன்.
அந்தச் சொல்லை எண்ணின் அளவுக்குப் பெரிதாக்கினேன்.
கட்டத்துக்குள் அடங்காமல்
கையெழுத்துக்கான இடத்தில் பாதியைத் தின்றது.
தின்னட்டும்.
கையெழுத்தைச் சிறிதாகப் போட்டுக்கொள்கிறேன்.

எழுபதில் பன்னிரண்டாவது குப்பி.
மூடியில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்:
*சமையலறை. அவசரமில்லை.*